குண்டாற்றுக்கு என்ன நிறம்?

ஆகஸ்ட் மாதத்து மதியம். திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள் என் தங்கை மகள். வயது ஒன்பது. பிறந்தது, படிப்பது எல்லாம் ஜெர்மனியில். கோடை விடுமுறைக்கு வந்தவளிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலையையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். 'உன் அம்மா பிறந்த ஊர் எது? அந்த ஊரின் ஆறு எது? அது எங்கே பிறந்து எங்கே போகிறது? படம் வரைந்து நாலு பக்கம் எழுதி வா.'

வீடு வரைந்தாள், கோயில் கோபுரம் வரைந்தாள், ரயில் வரைந்தாள். நடுவில் பாம்பு மாதிரி வளைத்து ஆற்றையும் வரைந்துவிட்டாள். நீலப் பென்சிலைக் கையில் எடுத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நேத்து பாலத்துல நின்னு பார்த்தோமே, அதுல தண்ணியே இல்லையே. என்ன கலர் அடிக்கிறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்தப் பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்! குண்டாறு எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் எனக்கே என் ஊர் புதிதாகத் தெரிந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுவரில் எழுதிய வெள்ளம்

முதலில் அவள் ஊர்ப் பக்கத்துக் கதை. ஜெர்மனியில் மைன் என்று ஓர் ஆறு இருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி ரைன் நதியில் கலக்கிறது. வழியில் டாபர் என்ற சின்ன ஆறு வந்து சேரும் இடத்தில் வெர்ட்ஹைம் என்றொரு சிற்றூர். மலைமேல் இடிந்த கோட்டை, கீழே நெருக்கமான பழைய வீடுகள், சரக்குப் படகு போகிற ஆறு. ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனால் வேறு மாநிலம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. இரண்டு ஆறுகளும் சேர்ந்து பெருகினால் பழைய தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். எந்த வருஷம், எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது என்று சுவரில் கோடு போட்டு ஆண்டை எழுதி வைத்திருக்கிறார்கள். மைன் கரையில் இருக்கிற ஊர்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. 1342-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை அந்த நாட்டில் இன்றும் பேசுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்தக் கோட்டின் கீழே நின்று தன் உயரத்தை அளந்து பார்க்கிறது. ஆறு என்ன செய்யும் என்று அதற்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளத்துக்கு மட்டுமல்ல, வறட்சிக்கும் அங்கே கல் இருக்கிறது. எல்பா ஆற்றின் படுகையில் சில பாறைகள் உண்டு. தண்ணீர் மிகவும் குறைந்தால்தான் அவை வெளியே தெரியும். 'பசிக்கல்' என்று அவற்றுக்குப் பெயர். ஜெர்மன் எல்லைக்கு அருகே செக் நாட்டு டெசின் ஊரில் இருக்கும் கல்லில் 1616 என்ற ஆண்டும், என்னைக் கண்டால் உனக்கு அழுகைதான் என்ற பொருளில் ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். 2018-லும் 2022-லும் வறட்சி வந்தபோது அந்தக் கல் வெளியே தெரிந்தது.

"நம்ம ஊர்ல அந்த மாதிரி கோடு எங்க இருக்கு?" என்று என் தங்கை மகள் கேட்டாள். கோடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அப்படியானால் நம் ஊருக்கு ஆற்றின் ஞாபகமே கிடையாதா? இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே மலை, இரண்டு ஆறுகள்

மதுரையிலிருந்து தென்மேற்கே 20 கிலோமீட்டர் சுமாருக்குத் திருமங்கலம். வடக்கே காஷ்மீரையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை 744 இங்கேதான் கிளம்புகிறது. அதனால் இந்த ஊரைத் 'தெற்கத்திப் பாதையின் வாசற்படி' என்று சொன்னால் மிகையில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு எங்கெங்கிருந்தோ ஆள் வருவதற்கும் இந்தச் சாலைச் சந்திப்புதான் காரணம்.

சாலை எல்லாருக்கும் தெரியும். ஆறு?

மேற்குத் தொடர்ச்சி மலையில் வருசநாடு, ஆண்டிபட்டிப் பக்கத்து மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலைகளுக்கு மேற்கே, வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் பிறப்பது வைகை. அது முதலில் வடக்கே ஏறி, பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி மதுரைக்கு வருகிறது. அதே மலைகளின் கிழக்குச் சரிவில் விழுகிற மழைக்கு அவ்வளவு சுற்று வழி கிடையாது. நேராகச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. ஓடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குண்டாறாகித் திருமங்கலத்தைத் தொட்டுக்கொண்டு தென்கிழக்கே போகிறது.

வைகையும் குண்டாறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. மூத்தவளுக்குச் சித்திரைத் திருவிழா, கள்ளழகர், கூட்டம், பாட்டு. இளையவளைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

திருமங்கலத்தைத் தாண்டிய குண்டாறு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிக்குப் போகிறது. சுந்தரர் பாடிய தலம் அது. ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அங்கே இந்த ஆற்றுக்குக் கௌண்டின்ய நதி என்று புராணப் பெயரே இருக்கிறது. பிறகு கமுதி. சேதுபதி மன்னர் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே இந்த ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. கமுதிப் பக்கம் குண்டாற்றிலிருந்து பிரித்து வெட்டிய கால்வாய்க்கு 'ரகுநாத காவேரி' என்று பெயர். வறண்ட சீமையில் ஒரு கால்வாய்க்குக் காவேரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தண்ணீரை எவ்வளவு பெரிதாக நினைத்திருக்க வேண்டும்! கடைசியில் ராமநாதபுரம் மாவட்டத்தைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

இதையெல்லாம் வரைபடத்தில் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "அப்போ கடல் வரைக்கும் போகுது. நேத்து பார்த்தா பாலத்துக்கு அடியிலகூடப் போகலையே" என்றாள்.

மழை அங்கேயும் இங்கேயும்

இந்த இடத்தில் எனக்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஜெர்மனியில் ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறதே, அங்கே மழை ரொம்ப அதிகம் போல என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்தால், அந்த நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் மதுரைச் சமவெளியில் 850 மில்லிமீட்டர் சுமார். அதாவது வானம் நமக்கு ஒன்றும் வஞ்சனை செய்யவில்லை!

வித்தியாசம் மழை பெய்கிற விதத்தில் இருக்கிறது. அங்கே வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது. குளிர் நாடு என்பதால் ஆவியாவதும் குறைவு. இங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலை தடுத்துக்கொள்கிறது. நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். சில நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு மாதாமாதம் வருகிறது, இன்னொருவருக்கு வருஷத்துக்கு ஒரே தடவை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குடும்பம் எப்படிப் பிழைக்கும்? வந்த அன்றே எடுத்துச் சேர்த்து வைத்தால்தான் பிழைக்கும்.

அந்தச் சேமிப்புக்குப் பெயர்தான் கண்மாய்.

சரிவு பார்த்துப் பிறை வடிவத்தில் கரை போடுவார்கள். ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். கண்மாய் நிறைந்துவிட்டால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து, மறுகாலில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படி ஒரு கண்மாயின் மிச்சம் இன்னொரு கண்மாயின் வரவு. கடைசி மிச்சம் மறுபடியும் ஆற்றுக்கே வரும். குண்டாறு இந்தக் கண்மாய்ச் சங்கிலியின் முதுகெலும்பு. வருஷம் முழுக்க ஓடுவது அதன் வேலையே இல்லை. வந்த நாலு நாள் தண்ணீரை ஊர் ஊராகக் கண்மாய்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை.

"அப்போ ஆத்துத் தண்ணி எல்லாம் கண்மாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கா?" என்றாள் என் தங்கை மகள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சுவரில் எழுதாத ஆற்று ஞாபகம் எங்கே இருக்கிறது என்பதும் இங்கேதான் எனக்குப் புரிந்தது. நம்மவர்கள் அதை ஊர்ப் பெயர்களில் எழுதி வைத்துவிட்டார்கள். மறவன்குளம், விடத்தகுளம், செக்கானூரணி. திருமங்கலத்தைச் சுற்றி பஸ் போர்டைப் பார்த்தாலே போதும். குளமும் ஊரணியும் வரிசையாக வரும். எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பெயரே சொல்கிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குளத்தை விட்டுவிட்டால், பிழை எழுதி வைத்தவர்களுடையது அல்ல.

தாலியா, மங்கலமா?

ஊர்ப் பெயர் என்றதும் அவளுடைய அடுத்த கேள்வி வந்துவிட்டது: "திருமங்கலம்னா என்ன?" இதற்கு எங்கள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஏத்தா, மீனாட்சி அம்மன் கல்யாணம் இருக்குல்ல, மதுரையில? அந்தக் கல்யாணத்துக்குத் தாலி செஞ்சது நம்ம ஊருதான். திருமாங்கல்யம் செஞ்ச ஊரு, அதான் திருமங்கலம்."

"நிஜமா அம்மாச்சி?"

"பின்ன? நான் என்ன பொய்யா சொல்றேன்!"

ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். வரலாறு படித்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மன்னர்கள் அந்தணர்களுக்கு விட்டுக்கொடுத்த ஊர்களுக்கு மங்கலம், சதுர்வேதிமங்கலம் என்று பெயர் முடியும். தமிழ்நாடு முழுக்க மங்கலம் என்று முடியும் ஊர்கள் நிறைய. நான் இரண்டையும் அவளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒன்று ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. இன்னொன்று பெயரின் பொதுவான வழக்கம். மதுரைக் கல்யாணத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு என்ற பெருமையை அம்மாவிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

பள்ளிக்கூடம், ரயில், பஞ்சம்

எங்கள் ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மதுரையின் பெயர் பெற்ற அமெரிக்கன் கல்லூரியின் வேர் திருமங்கலத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பணி செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்தது. அதைச் சேர்ந்த வில்லியம் டிரேசி என்பவர் 1842-இல் திருமங்கலத்தில் ஓர் உயர்கல்விப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். 1845-இல் அது பசுமலைக்கு இடம் மாறியது. 1881-இல் கல்லூரியாக வளர்ந்து, பிற்பாடு மதுரை நகருக்குள் போய்விட்டது.

அடுத்து ரயில். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை போகும் பாதை 1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டபோது திருமங்கலமும் ரயில் பாதையில் சேர்ந்தது. ஊருக்குத் தெற்கேயும் மேற்கேயும் இருப்பது கரிசல் மண். அதில் பருத்தி நன்றாக விளையும். 1892-இல் மதுரையில் ஹார்வி மில் வந்தது, தூத்துக்குடியில் துறைமுகம். பருத்திக்கு இரண்டு பக்கமும் வழி பிறந்தது.

ஆனால் ரயில் வந்த அதே 1876, தாது வருஷம். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் 'தாது வருஷப் பஞ்சம்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே ஆட்டிப் படைத்த பஞ்சம் அது. மழை பொய்த்தது, கண்மாய் காய்ந்தது, லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். எல்பா ஆற்றில் பசிக்கல் இருப்பதைப் போல நம்மிடம் கல் இல்லை. வருஷத்தின் பெயரே கல்வெட்டு ஆகிவிட்டது. நூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

கொல்லம் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் டி.கல்லுப்பட்டி. 1940-இல் அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களைக் கழித்தது அங்கேதான். இயற்கை தருவதைச் செலவழிக்கலாம், அதன் முதலைத் தொடக்கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கருத்து. கண்மாய்ச் சங்கிலி இருக்கிற சீமையில் உட்கார்ந்து இதைச் சொன்னது பொருத்தம்தான்.

அந்தப் பக்க மழை

பஞ்சத்தின் வடு ஆறும் முன்பே ஒரு பெரிய வேலை நடந்தது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்தார்கள். 1959-இல் வைகை அணையும் வந்தது.

அந்தத் தண்ணீர் இன்று திருமங்கலத்துக்கும் வருகிறது. பெரியாறு – வைகைப் பாசனத்தில் 'திருமங்கலம் பிரதான கால்வாய்' என்று தனியாக ஒரு கால்வாய் உண்டு. ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் அரசு அறிவிப்பைப் பார்த்திருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்: பெரியாறு பிரதான கால்வாயில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதான கால்வாயில் 19,439 ஏக்கர், மொத்தம் 1,05,002 ஏக்கர். கேரளத்து மலையில் பெய்த மழை எங்கள் கண்மாயை நிரப்புகிறது. நிரம்பி மிஞ்சினால் பள்ளம் பார்த்துக் குண்டாற்றுக்குப் போகிறது.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் கால்வாயில் தண்ணீர் வரும், குழாயில் தண்ணீர் வரும் என்றான பிறகு, சொந்த ஆற்றைப் பார்க்க வேண்டிய அவசியம் ஊருக்குக் குறைந்துபோனது. நான் சொல்ல வந்த கதையில் மனதைச் சங்கடப்படுத்தும் பகுதி இதுதான்.

முதுகு காட்டிய ஊர்

அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைய இறைத்து வருவார்களாம். "கையால பறிச்சா போதும், கண்ணாடி மாதிரி ஊறும்" என்பார். ஐப்பசியில் 'கண்மாய் மறுகா போகுது' என்று யாராவது கத்திக்கொண்டு ஓடினால் தெருவே வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும். அடைமழை ராத்திரிகளில் ஆண்கள் கரையில் காவல் இருப்பார்கள். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றினால் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஊரே மீன் பிடிக்க இறங்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு.

இப்போது பாலத்தில் நின்று பார்த்தால் சீமைக்கருவேல் புதர். அதன் நடுவே கறுப்பாக ஒரு சாக்கடைக் கோடு. கோழிக்கடைக் கழிவு, பிளாஸ்டிக் பை, இடித்த வீட்டுக் கப்பி. ஊற்று ஊறிய மணல் போய்விட்டது. யாரையும் கை காட்ட நான் எழுதவில்லை. எங்கள் வீட்டுச் சாக்கடையும் எங்கேயோ போய்ச் சேருகிறது. அது எங்கே என்று இதுவரை நானும் கேட்டதில்லை. அந்தக் காலத்து வீடுகள் ஆற்றைப் பார்த்து இருந்தன. இன்றைய வீடுகள் சாலையைப் பார்த்து இருக்கின்றன. ஆறு கொல்லைப்புறமாகிவிட்டது. கொல்லைப்புறத்தில் என்ன போடுவோமோ அதைப் போடுகிறோம்.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டாம். நாகமலைப் பக்கம் தொடங்கி மதுரை நகருக்குள் ஓடும் கிருதுமால் நதி, குண்டாற்றுக்குத்தான் துணை ஆறு. மாலை போல ஊரைச் சுற்றிய நதி என்று அதற்குப் பெருமை. இன்று மதுரையில் அதை வாய்க்கால் என்றுகூட யாரும் சொல்வதில்லை. சாக்கடை என்றே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அதன் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போதுதான் அது ஆறு என்று ஞாபகம் வருகிறது. ஆற்றைச் சுருக்கலாம், அடைமழையைச் சுருக்க முடியாது. பத்து அடி வழியை மூன்று அடியாக்கினால் மிச்சம் ஏழு அடித் தண்ணீர் நம் கூடத்தில்தான் நிற்கும்.

இதில் கஷ்டப்படுவது நாம் மட்டுமல்ல. குண்டாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்துத் திருச்சுழியிலும் கமுதியிலும் கண்மாய்கள் காத்திருக்கின்றன. இங்கே அடைத்துக்கொண்டால் அங்கே வரத்து இல்லை. இங்கே சாக்கடை விட்டால் அங்கே அதுதான் வரத்து.

காவிரியைக் குண்டாறு வரைக்கும் கொண்டுவரும் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் தொடக்க விழா நடந்தது. கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அது குண்டாற்றைத் தொடும் இடம் எங்கள் ஊருக்கு வெகு கீழே. எத்தனை கோடி செலவழித்துத் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் அதை வாங்கி வைக்க ஆற்றுப் படுகையும் கண்மாயும் உயிரோடு இருக்க வேண்டும். விருந்தாளி வரும் நேரத்தில் பாத்திரம் ஓட்டையாக இருந்தால் என்ன பயன்?

நம்பிக்கை இல்லாமலும் இல்லை. ஊர்க்காரர்களே கூடிக் கண்மாயைத் தூர்வாரும் பழைய குடிமராமத்து முறைக்கு 2017-இல் அரசு மறுபடியும் உயிர் கொடுத்தது. கருவேலை வெட்டி, வரத்துக்காலைச் சுத்தம் செய்த ஊர்களில் அடுத்த மழைக்கே பலன் தெரிந்தது. முறை நம்மிடம் இருக்கிறது. மறந்துபோனதுதான் குறை.

நீலம் அடித்த இடம்

என் தங்கை மகள் கடைசியில் படத்தை எப்படி முடித்தாள் தெரியுமா? ஆற்றுக்கு மண் நிறம் அடித்தாள். அதன் இரண்டு பக்கமும் பிறை பிறையாக எட்டு, பத்துக் கண்மாய்களை வரைந்து, அவற்றுக்கு மட்டும் நீலம் அடித்தாள். கீழே ஜெர்மன் மொழியில் என்னவோ எழுதினாள். தங்கை படித்துச் சொன்னாள்: 'என் அம்மா ஊர் ஆறு வருஷத்தில் சில நாள்தான் வேலை செய்யும். மற்ற நாள் அதன் தண்ணீரைக் கண்மாய்கள் பத்திரமாக வைத்திருக்கும்.'

பத்திரமாக வைத்திருக்கும் என்று குழந்தை எழுதிவிட்டாள். அது உண்மைதானா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் நாலு நாள் நல்ல மழை. ஐந்தாம் நாள் காலையில் குடையோடு பாலத்துக்குப் போனேன். கருவேல் புதருக்கு நடுவே செம்மண் கலங்கிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. போனில் படம் பிடித்து அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்துவிட்டாள். "பெரியம்மா, தண்ணி எது வரைக்கும் ஏறியிருக்கு? அங்க ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதுங்க!" என்று ஒரே ஆர்ப்பாட்டம்.

மறுநாள் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய், ஓரமாக இருந்த ஒரு கல்லில் சின்னதாகக் கோடு போட்டு வந்தேன். அடுத்த மழையில் அழிந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் போட்டேன். போகிற வருகிற நாலு பேர் "என்னக்கா செய்றீங்க?" என்று கேட்டார்கள். அதில் ஒரு பையன், "இது குண்டாறாக்கா? ஓடைன்னு நெனச்சேன்" என்றான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன். நம் ஊர் ஆற்றின் பெயர் என்ன, அது எந்தக் கண்மாயை நிரப்புகிறது என்று. அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.